கேள்வி – பதில்: நாற்காலி எந்த நாட்டில் இருக்கிறது?

ஒரு நாட்டில் வசித்துக்கொண்டு வேறொரு நாட்டு நிறுவனத்தில் வேலை தேடுவது பற்றி வந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து இம்முறை பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் அவர்கள் நலன் கருதித் தவிர்த்திருக்கிறேன். பதினோரு ஆண்டுகள் இப்படி வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆனால் வரி, குடியேற்றம் ஆகிய இரண்டிலும் கையெழுத்திடுவதற்கு முன், நீங்கள் வசிக்கும் நாட்டில் அத்தொழிலைச் செய்பவர் ஒருவரிடம் காகிதங்களைக் காட்டிவிடுங்கள்.

கேள்வி: நான் மென்பொருள் சோதனையாளர். ‘எங்கிருந்தும் வேலை செய்யலாம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தேன். நான்கு சுற்று நேர்காணல் நடந்தது. கடைசிச் சுற்றில் குழுத்தலைவர் என் வேலையைப் பாராட்டவும் செய்தார். ஒரு வாரம் கழித்து, ‘நீங்கள் வசிக்கும் நாட்டில் எங்களால் ஆள் எடுக்க இயலவில்லை’ என்று இரண்டே வரியில் மின்னஞ்சல் வந்தது. என்னிடம் இருந்த குறையைத்தான் இப்படி நாகரிகமாகச் சொல்கிறார்களா?

பதில்: இல்லை, அந்த இரண்டு வரியை நீங்கள் அப்படியே நம்பலாம். இந்த வகை மின்னஞ்சலைப் பெற்றுவிட்டுத் தம் திறமையையே சந்தேகிக்கத் தொடங்கிய பலரை நான் அறிவேன். அவர்களுக்காகவே இதைச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

ஒரு நிறுவனம் உங்களை ஊழியராக எடுக்கும்போது, நீங்கள் எந்த நாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை செய்கிறீர்களோ அந்த நாட்டின் தொழிலாளர் சட்டம், சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு, சம்பளத்தில் வரி பிடிக்கும் கடமை ஆகிய அனைத்தையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறது. நிறுவனம் பதிவாகியிருக்கும் நாடு எதுவாக இருந்தாலும் இதில் பெரிய மாற்றம் இல்லை. அந்நாட்டில் அந்த நிறுவனத்துக்குப் பதிவு பெற்ற கிளை ஏதும் இல்லையென்றால், உங்கள் ஒருவருக்காக ஒரு கிளையைத் தொடங்கி, அங்கே கணக்காளரை அமர்த்தி, ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். சிறிய நிறுவனங்கள் இதற்குத் துணிவதில்லை.

இதைவிடப் பெரிய அச்சம் ஒன்றும் உண்டு. நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் இரட்டை வரி விலக்கு ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை ஓஈசிடி எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் மாதிரி உடன்படிக்கையைத் தழுவியவை. அதன் 5ஆம் பிரிவு ‘நிரந்தரத் தொழிலகம்’ என்ற ஒன்றை வரையறுக்கிறது. ஒரு நாட்டில் நிறுவனத்துக்கு நிலையான தொழிலிடம் இருந்தாலோ, நிறுவனத்தைச் சார்ந்த ஒருவர் அங்கிருந்தபடி அதன் ஒப்பந்தங்களை வழக்கமாக முடித்துக் கொடுத்தாலோ, அந்த நிறுவனத்தின் இலாபத்தில் ஒரு பகுதிக்கு அந்நாடு வரி கேட்கலாம். ஊழியர் வீட்டில் மேசை போட்டு உட்கார்ந்ததாலேயே இது வந்துவிடாது; ஆனால் வருமோ வராதோ என்ற ஐயமே ஒரு நிதி அதிகாரியைக் கையெழுத்திடவிடாமல் நிறுத்திவிடும். உங்களைப் போன்ற சோதனையாளரைவிட, வாடிக்கையாளரிடம் பேசி விற்பனையை முடிக்கும் பணியில் இருப்பவருக்கே இந்தத் தடை அதிகம் வரும். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, வெளிநாட்டு நிறுவனம் ஒன்று உங்களுக்குப் பணம் தருவதற்கு மூன்று வழிகளே உள்ளன. உங்கள் நாட்டில் உள்ள அதன் கிளை உங்களை நேரடியாக எடுக்கலாம். அல்லது ‘எம்ப்ளாயர் ஆஃப் ரெக்கார்டு’ எனப்படும் இடைநிலை நிறுவனம் ஒன்று, காகிதத்தில் உங்கள் முதலாளியாக இருந்து சம்பளம், வரி, காப்பீடு ஆகியவற்றை உள்நாட்டுச் சட்டப்படி கவனித்துக்கொள்ள, அன்றாட வேலையை வெளிநாட்டு நிறுவனம் சொல்லலாம். டீல், ரிமோட், ஆய்ஸ்டர் போன்றவை இத்தொழிலைச் செய்பவை. மூன்றாவது, நீங்கள் சுயதொழில் செய்பவராக, கான்ட்ராக்டராக, மாதந்தோறும் இன்வாய்ஸ் அனுப்புவது. இரண்டாவது வழிக்கும் எல்லா நாடும் ஒரே மாதிரி இடம் கொடுப்பதில்லை. ஜெர்மனியில் ஊழியரை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுத்து வேலை வாங்குவதற்கு உரிமம் வேண்டும். தொழிற்சங்கமும் முதலாளிகளும் செய்துகொண்ட கூட்டுப்பேர ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாதவரை, ஒரே ஊழியரை ஒரே நிறுவனத்திடம் 18 மாதங்களுக்கு மேல் விட்டுவைக்க முடியாது.

உங்களுக்கு நேர்ந்ததில் வருந்தத்தக்க விஷயம், நான்காவது சுற்றுக்குப் பின் சொன்னதை அவர்கள் முதல் அழைப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கும் சட்டம், நிதி பார்க்கும் குழுவுக்கும் பேச்சே இல்லாத நிறுவனங்களில் இது நடக்கிறது. இனி முதல் அழைப்பின்போதே, சம்பளத்தைப் பற்றிப் பேசுவதற்கும் முன்பாக, ‘நான் இன்ன நாட்டில் வசிக்கிறேன், அங்கே உங்களுக்கு ஏற்கெனவே யாராவது வேலை செய்கிறார்களா, அவர்களுக்கு எந்த வழியில் சம்பளம் போகிறது?’ என்று கேட்டுவிடுங்கள். பதிலில் தெளிவில்லை என்றால், விசாரித்துச் சொன்ன பிறகே அடுத்த சுற்றுக்கு வருவதாகப் பணிவாகச் சொல்லலாம். இதைக் கேட்டதற்காக வேலையை இழந்தவர் எவரையும் நான் பார்த்ததில்லை. அந்த முயற்சியில் வீணாகக் கழியவிருந்த ஒரு மாதத்தை மீட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: அப்படியானால் விளம்பரங்களில் வரும் ‘ரிமோட்’ (தொலைவிலிருந்து வேலை) என்ற சொல்லுக்கே பொருள் இல்லையா?

பதில்: பொருள் உண்டு, ஆனால் ஒன்றல்ல. சில விளம்பரங்களில் அது ‘எங்கள் நாட்டுக்குள் எங்கிருந்தும்’ என்று பொருள்படும். வேறு சிலவற்றில் ‘எங்கள் அலுவலக நேரத்துக்கு மூன்று மணிநேரம் முன்பின்னாக உள்ள நாடுகளிலிருந்து’ என்று பொருள்படும். விளம்பரத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் இடக்குறிப்பையும், சம்பளத்தை எந்த நாணயத்தில் குறித்திருக்கிறார்கள் என்பதையும், காப்பீடு பற்றிய வரியையும் படித்தாலே பெரும்பாலும் விளங்கிவிடும். ஒரு குறிப்பிட்ட நாட்டின் ஓய்வூதியத் திட்டத்தை மட்டுமே சலுகையாக எழுதியிருந்தால், அவர்கள் அந்த நாட்டு ஆளைத்தான் மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: கணவரின் வேலை காரணமாக ஒரு நாட்டில் துணைவர் விசாவில் வசிக்கிறேன். எனக்கு இன்னொரு நாட்டு நிறுவனத்தில் மொழிபெயர்ப்பு வேலை கிடைக்கும் போலிருக்கிறது. பணம் வெளிநாட்டிலிருந்து வருகிறது, வாடிக்கையாளரும் வெளிநாட்டில் இருக்கிறார், எனவே இங்கே அனுமதி எதுவும் வேண்டியதில்லை என்று தோழி சொல்கிறார். சரிதானா?

பதில்: உங்கள் தோழி நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் அதை நம்பி இறங்காதீர்கள். பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பெரும்பாலான குடியேற்றச் சட்டங்கள் முதலில் பார்ப்பதில்லை. வேலை செய்யும் உடல் எங்கே இருக்கிறது என்பதையே பார்க்கின்றன. துணைவருக்கு வேலை உரிமை உண்டா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரிட்டனில் திறன்மிகு பணியாளர் விசாவில் இருப்பவரின் துணைவர் பொதுவாக வேலை பார்க்கலாம். அமெரிக்காவில், எச்-1பி என்ற வேலை விசா வைத்திருப்பவரின் துணைவருக்கான எச்-4 விசாவில் இருப்பவர் வேலை அனுமதி அட்டை இல்லாமல் வேலை பார்க்க முடியாது. அந்த அட்டையும், எச்-1பி வைத்திருப்பவரின் நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) விண்ணப்பம் ஒரு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால் மட்டுமே, 2015ஆம் ஆண்டு முதல் வழங்கப்படுகிறது. நீங்கள் வசிக்கும் நாட்டின் பெயரை எழுதவில்லை. உங்கள் விசாவிலோ குடியிருப்பு அட்டையிலோ வேலை பற்றி அச்சிட்டிருக்கும் வாசகத்தை முதலில் பாருங்கள், பிறகு குடியேற்றத் துறையின் இணையதளத்தில் அதே வாசகத்துக்கான விளக்கத்தைப் படியுங்கள்.

இதனோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் ‘டிஜிட்டல் நோமட் விசா’ பற்றி வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். வெளிநாட்டு நிறுவனத்துக்காக வேலை செய்துகொண்டு தம் மண்ணில் தங்குபவர்களுக்கென்றே சில நாடுகள் தனி அனுமதி தருகின்றன. பார்படோஸ், எஸ்தோனியா ஆகியவை 2020இல் இதைத் தொடங்கின. போர்ச்சுகல் 2022இலும் ஜப்பான் 2024இலும் சேர்ந்துகொண்டன. ஜப்பான் ஆறு மாதம் மட்டுமே தருகிறது, ஆண்டு வருமானம் ஒரு கோடி யென்னாவது இருக்க வேண்டும் என்கிறது. இந்த விசாக்களில் பொதுவாகக் காணப்படும் நிபந்தனை, உங்கள் முதலாளி அந்த நாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதும், நீங்கள் ஏற்கெனவே வருமானத்தோடு வர வேண்டும் என்பதும்தான். ஆகவே வேலை கிடைத்த பிறகு வாங்க வேண்டிய விசா இது. வேலை தேடுவதற்கான விசாவாக இதை எண்ணிச் சேமிப்பைக் கரைக்காதீர்கள். எஸ்தோனியா 2014 முதல் தரும் ‘இ-ரெசிடென்சி’ என்பது முற்றிலும் வேறு. அது இணையம் வழியாக நிறுவனம் பதிவு செய்யவும் கையொப்பமிடவும் உதவும் அடையாளம். அந்த அட்டையைக் காட்டி எஸ்தோனியாவில் குடியிருக்க முடியாது.

சுற்றுலா விசாவில் இருந்துகொண்டு மடிக்கணினியில் வேலை செய்வது பற்றிய சட்டம் பல நாடுகளில் மௌனமாகவே இருக்கிறது. 2024 ஜனவரி 31 முதல் பிரிட்டன், வருகையாளர் தம் வெளிநாட்டு வேலையைத் தொலைவிலிருந்து செய்யலாம், ஆனால் அதுவே பயணத்தின் முதன்மை நோக்கமாக இருக்கக் கூடாது என்று வெளிப்படையாக எழுதிவிட்டது. அப்படி எழுதாத நாட்டில், மௌனத்தை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஆண்டில் 183 நாட்களுக்குக் குறைவாக ஒரு நாட்டில் இருந்தால் அங்கே வரி கட்ட வேண்டாம் என்பது உண்மையா?

பதில்: பாதி உண்மை, அந்தப் பாதியை நம்பி மாட்டிக்கொண்டவர்கள் நிறைய. ஓஈசிடி மாதிரி உடன்படிக்கையின் 15ஆம் பிரிவில் 183 நாள் என்ற எண் வருவது மூன்று நிபந்தனைகளில் ஒன்றாகத்தான். பன்னிரண்டு மாத காலத்தில் 183 நாளைத் தாண்டக் கூடாது. சம்பளம் கொடுக்கும் முதலாளி அந்த நாட்டைச் சேராதவராக இருக்க வேண்டும். அந்தச் சம்பளச் செலவை அந்நாட்டில் உள்ள முதலாளியின் நிரந்தரத் தொழிலகம் சுமக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்தால்தான் விலக்கு. அதுவும் அந்த இரு நாடுகளுக்கு இடையே ஒப்பந்தம் இருந்தால்தான். இல்லையெனில் முதல் நாள் வேலைக்கே வரி கேட்கும் நாடுகளும் உண்டு. மேலும் இது ஊழியருக்கான விதி. இன்வாய்ஸ் அனுப்பும் கான்ட்ராக்டருக்கு வேறு பிரிவு பொருந்தும். உங்களை வரிக்கான குடியிருப்பாளராக ஒரு நாடு கருதுவதற்கும் நாட்கணக்கு ஒன்றே அளவுகோலாக இருப்பதில்லை. நிலையான வீடு, குடும்பம் எங்கே இருக்கிறது என்பதும் சேரும்.

அமெரிக்க நிறுவனத்துக்குக் கான்ட்ராக்டராக வேலை செய்யப் போகிறவர்களிடம் டபிள்யூ-8பென் என்ற படிவத்தைக் கேட்பார்கள். முதன்முறை அது வந்தபோது, அமெரிக்க வரித்துறையின் பெயரைத் தலைப்பில் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. இரண்டு நாள் அதைத் தொடாமல் வைத்திருந்தேன். உண்மையில் அது ஒரே பக்கம். பெயர், குடியுரிமை உள்ள நாடு, நிரந்தர வசிப்பிட முகவரி, உங்கள் நாட்டு வரி எண், பிறந்த தேதி ஆகியவற்றை எழுதி, நீங்கள் அமெரிக்கர் அல்லர் என்று உறுதியளித்துக் கையெழுத்திடுகிறீர்கள். அதை வரித்துறைக்கு அனுப்ப வேண்டியதில்லை. உங்களுக்குப் பணம் தரும் நிறுவனத்திடமே கொடுத்துவிட வேண்டும். கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் வரும் மூன்றாம் காலண்டர் ஆண்டின் கடைசி நாள்வரை அது பொதுவாகச் செல்லும். 2026இல் இட்ட கையெழுத்து 2029 டிசம்பர் 31வரை நிற்கும். அமெரிக்காவுக்கு வெளியே உட்கார்ந்து செய்த வேலைக்கான ஊதியம் அமெரிக்க வருமானமாகக் கருதப்படுவதில்லை என்பதால், அந்த வேலைக்கு அவர்கள் அங்கே வரி பிடிக்க வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் நாட்டில் அதைக் கணக்கில் காட்டும் பொறுப்பு முழுவதும் உங்களுடையது. நீங்கள் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவராக இருந்தால் இந்தப் படிவம் உங்களுக்குரியது அல்ல. அந்நாடு தன் குடிமக்கள் எங்கே வசித்தாலும் வருமானக் கணக்கைக் கேட்கும்.

கேள்வி: வெளிநாட்டு நிறுவனத்தில் வேலை வாங்கித் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். நேர்காணல் முழுவதும் எழுத்து உரையாடலிலேயே நடந்தது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1997இல் நிறைவேற்றிய 181ஆம் எண் உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு, வேலைவாய்ப்பு முகவர்கள் தொழிலாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதைப் பொது விதியாக வைத்திருக்கிறது. முகவருக்குக் கூலி கொடுக்க வேண்டியது ஆள் தேவைப்படும் நிறுவனம்தான். முகத்தைக் காட்டாத நேர்காணல், நிறுவனத்தின் பெயரில் ஓரெழுத்து மாறிய மின்னஞ்சல் முகவரி, ‘மடிக்கணினி வாங்க இந்தக் காசோலையை உங்கள் கணக்கில் போட்டு மீதியைத் திருப்பி அனுப்புங்கள்’ என்ற கோரிக்கை ஆகிய மூன்றில் ஒன்று வந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள எண்ணை நீங்களே தேடி எடுத்து அழைத்து, இப்படி ஒரு வேலை உண்டா என்று கேளுங்கள்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக ஒரே வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கான்ட்ராக்டராக வேலை செய்கிறேன். காலை ஒன்பது முதல் மாலை ஆறுவரை இருக்கையில் இருக்க வேண்டும், வேறு வாடிக்கையாளரை எடுக்கக் கூடாது, விடுப்புக்கு மேலாளரிடம் கேட்க வேண்டும். ஆனால் விடுப்புக்குச் சம்பளம் இல்லை, காப்பீடும் இல்லை. இது முறைதானா?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தபோது மனம் கனத்தது, ஏனெனில் இது உங்கள் ஒருவரின் கதை இல்லை. நேரத்தையும் முறையையும் நிறுவனமே தீர்மானிக்கிறது, உங்கள் வருமானம் முழுவதும் அங்கிருந்தே வருகிறது என்றால், ஒப்பந்தத்தின் தலைப்பில் என்ன எழுதியிருந்தாலும் உங்களை ஊழியர் என்றே பல நாடுகளின் நீதிமன்றங்கள் கருதக்கூடும். எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2020 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, ஒருவரைக் கான்ட்ராக்டர் என்று சொல்லும் நிறுவனமே அதை நிரூபிக்க வேண்டும்: அவர் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லை, நிறுவனத்தின் வழக்கமான தொழிலுக்கு வெளியே வேலை செய்கிறார், தனியாகத் தொழில் நடத்துபவர் என்ற மூன்றையும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘ரோம் 1’ ஒழுங்குமுறையின் 8ஆம் பிரிவோ, ஒப்பந்தத்தில் எந்த நாட்டுச் சட்டத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாலும், ஊழியர் வழக்கமாக வேலை செய்யும் நாட்டின் கட்டாயப் பாதுகாப்பை அவரிடமிருந்து பறிக்க முடியாது என்கிறது. நாற்காலி இருக்கும் நாடு உங்களுக்கு எதிராக மட்டுமே வேலை செய்வதில்லை. இதைப் போன்ற இடங்களில் உங்கள் பக்கமும் நிற்கிறது.

ஆனால் வழக்கு என்பது கடைசிப் படி. முதலில் பேச்சு. உங்கள் ஒப்பந்தம் முடியும் மாதத்துக்கு மூன்று மாதம் முன்பே மேலாளருக்கு எழுதுங்கள். ‘என் வேலை ஊழியரின் வேலையாகவே நடைபெறுகிறது, எம்ப்ளாயர் ஆஃப் ரெக்கார்டு வழியாக என்னை ஊழியராக மாற்ற முடியுமா, முடியாதெனில் நேரக் கட்டுப்பாட்டையும் பிற வாடிக்கையாளர் மீதான தடையையும் நீக்கி, ஊதியத்தை மறுபரிசீலனை செய்ய முடியுமா?’ என்று இரண்டு வழிகளையும் முன்வையுங்கள். தவறான வகைப்படுத்தலால் வரும் அபராதம் நிறுவனத்தையே சேரும் என்பதை அவர்களுடைய சட்டப் பிரிவு அறிந்திருக்கும், நீங்கள் அதை மிரட்டலாகச் சொல்ல வேண்டியதில்லை.

புதிதாகக் கான்ட்ராக்டராகச் சேரப் போகிறவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஊழியருக்கு ஆண்டில் 52 வாரமும் சம்பளம் வரும். கான்ட்ராக்டருக்கு விடுப்பு, பண்டிகை, நோய் ஆகியவற்றைக் கழித்தால் 44 அல்லது 45 வாரமே வேலை நடக்கும் என்று வைத்துக்கொண்டு, அதற்கு மேல் காப்பீடு, ஓய்வூதியச் சேமிப்பு, கருவி, கணக்காளர் கூலி ஆகியவற்றையும் ஏற்றித்தான் ஊதியம் கேட்க வேண்டும். ஊழியரின் மாதச் சம்பளத்தையே கான்ட்ராக்டராக வாங்குபவர் ஒவ்வொரு மாதமும் நட்டத்தில் இருக்கிறார், அது உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஒப்பந்தத்தில் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி, ஆக்க உரிமை பற்றியது. ‘இந்த ஒப்பந்தக் காலத்தில் நீங்கள் உருவாக்கும் அனைத்தும் நிறுவனத்துக்கே உரியவை’ என்று ஒரு வரி இருக்கும். அந்த ‘அனைத்தும்’ என்ற சொல்லின் மேல் விரலை வையுங்கள். இரவில் உங்கள் சொந்தக் கணினியில் எழுதும் நூலும், ஞாயிற்றுக்கிழமை செய்யும் செயலியும் அதற்குள் வந்துவிடும். ‘இந்த நிறுவனத்துக்கான பணியின் பகுதியாக உருவாக்கும் அனைத்தும்’ என்று திருத்தக் கேளுங்கள். நேர்மையான நிறுவனம் இதை மறுப்பதில்லை. அத்துடன், முப்பது நாள் முன்னறிவிப்பு இரு தரப்புக்கும் இருக்கிறதா, இன்வாய்ஸ் அனுப்பி எத்தனை நாளில் பணம் வரும் என்ற இரண்டையும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

கேள்வி: பணத்தை வங்கி வழியாக வாங்குவதா, வேறு வழியிலா?

பதில்: எந்த வழியானாலும் மூன்றை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்: எந்த நாணயம், எந்த நாளின் மாற்று விகிதம், இடைக் கட்டணம் யார் பொறுப்பு. நாடு விட்டு நாடு பணம் அனுப்ப வங்கிகள் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் வழியாக வரும் பணத்தில் நடுவில் உள்ள வங்கிகள் தம் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும். முழுச் செலவையும் அனுப்புபவர் ஏற்கும்படி அனுப்பவும் முடியும், ஆனால் கேட்டால்தான் செய்வார்கள். ஒவ்வொரு வரவுக்கும் வங்கிச் சான்றை எடுத்து வையுங்கள், வரிக் கணக்கில் அதுவே ஆதாரம்.

கேள்வி: அனுபவம் இருந்தும் விண்ணப்பங்களுக்குப் பதிலே வருவதில்லை. எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: நீங்கள் அனுப்பியிருந்த தன்விவரக் குறிப்பைப் படித்தேன். அதில் பிறந்த தேதி, திருமண நிலை, புகைப்படம் ஆகியவை உள்ளன. அமெரிக்க, பிரிட்டன் நிறுவனங்களுக்கு அனுப்பும்போது இவற்றை நீக்கிவிடுங்கள், பாகுபாட்டுப் புகார் வருமோ என்று அவர்கள் தயங்குவார்கள். அதைவிட முக்கியமானது மூன்றாவது வரி. ‘மாதாந்திர அறிக்கைகளுக்குப் பொறுப்பு வகித்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலோ, நான்கு நாள் பிடித்த அந்த அறிக்கையை ஒரே நாளில் முடியும்படி மாற்றியமைத்ததாகச் சொல்கிறீர்கள். அதை ஏன் குறிப்பில் எழுதவில்லை? அதைத்தான் முதல் வரியாக வைக்க வேண்டும், அதை எப்படிச் செய்தீர்கள் என்பதை ஒன்றரைப் பக்கக் குறிப்பாகவும் எழுதி இணைக்க வேண்டும்.

எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொலைவிலிருந்து வேலை செய்பவரின் தோளைத் தட்டி விளக்கம் கேட்க யாராலும் முடியாது. மறுமுனையில் இருப்பவர் தூங்கும்போது உங்கள் எழுத்தே உங்களுக்காகப் பேசுகிறது. ஆகவே இத்தகைய நிறுவனங்கள் தெளிவாக எழுதுபவரைத் தேடுகின்றன. கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனம் தன் வேலை முறைகளை விளக்கும் கையேட்டை எவரும் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. அங்கே விண்ணப்பிக்காவிட்டாலும் அதில் சில பக்கங்களைப் படியுங்கள். முகம் பார்க்காமல் முடிவெடுப்பவர்கள் எதை எழுதி வைக்கிறார்கள் என்பது விளங்கும். பொது வேலைத்தளங்களில் நூறு விண்ணப்பம் போடுவதைவிட, உங்கள் நாட்டில் ஏற்கெனவே ஆள் வைத்திருக்கும் பத்து நிறுவனங்களைக் கண்டுபிடித்து, அவற்றின் வேலைவாய்ப்புப் பக்கத்தை வாரந்தோறும் பார்ப்பது பயன் தரும். முதல் கேள்விக்குச் சொன்ன தடை அங்கே இராது.

நேர்காணல் நாள் வந்ததும் ஒன்றைக் கவனியுங்கள். கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லாத நாட்டில் நான் வசித்த காலத்தில், ஐரோப்பிய நிறுவனம் ஒன்றின் முதல் இரண்டு சுற்றுகள் திங்கட்கிழமைகளில் ஒரே நேரத்தில் நடந்தன. மூன்றாவது திங்களுக்கு முந்தைய நாள் மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறு. ஐரோப்பாவில் அன்று கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்தள்ளியிருந்தார்கள். நாட்குறிப்பில் பேனாவால் எழுதிய பழைய நேரத்தை நம்பி, சட்டை மாற்றி, தண்ணீர்க் குவளையுடன் உட்கார்ந்து இணைப்பை அழுத்தினேன். திரையில் என் முகம் மட்டுமே இருந்தது. அவர்கள் நாற்பது நிமிடம் காத்திருந்துவிட்டுப் போயிருந்தார்கள். மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதத்துக்குக் கனிவான பதில் வந்தது, வேலை வரவில்லை. அமெரிக்காவில் இந்த மாற்றம் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் நடக்கும்; ஐரோப்பிய ஒன்றியத்தில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட வாரங்களில் இரு பகுதிகளுக்கும் உள்ள வித்தியாசமே மாறிவிடும். அழைப்பை ஏற்கும்போது, உலகப் பொது நேரமான யுடிசி நேரத்தையும் சேர்த்து எழுதி உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: வேலை கிடைத்துவிட்டது. பெற்றோருடன் இருப்பதற்காக ஐந்து மாதம் வேறொரு நாட்டுக்குப் போக வேண்டும். கணினி இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன் இணைப்பைப் போட்டுக்கொண்டால் நிறுவனத்துக்குத் தெரியாது என்கிறார்கள். சொல்லாமல் போகலாமா?

பதில்: பெற்றோருடன் இருக்க வேண்டும் என்ற உங்கள் விருப்பத்தை மதிக்கிறேன், அதனால்தான் சொல்லிவிட்டுப் போங்கள் என்கிறேன். நாற்காலி நாடு மாறிய அன்றே வரி, காப்பீடு, சமூகப் பாதுகாப்பு ஆகியவற்றின் கணக்கும் மாறத் தொடங்கிவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள், எந்த நாட்டின் சமூகப் பாதுகாப்பு உங்களுக்குப் பொருந்தும் என்று காட்ட ஏ1 என்ற சான்றிதழே உண்டு. தொலைப்பணி பற்றி 2023 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டமைப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்ட நாடுகளுக்கு இடையே, வசிக்கும் நாட்டிலிருந்து செய்யும் தொலைப்பணி மொத்த வேலை நேரத்தில் பாதிக்கும் குறைவாக இருந்தால், கோரிக்கையின் பேரில் முதலாளியின் நாட்டுச் சமூகப் பாதுகாப்பிலேயே தொடரலாம். இதைப் பெற நிறுவனத்தின் ஒத்துழைப்பு வேண்டும், மறைத்துவிட்டுப் பெற முடியாது. வாடிக்கையாளரின் தனிப்பட்ட தகவலைக் கையாளும் வேலை என்றால், 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, அத்தகவல் ஒன்றியத்துக்கு வெளியே போவதற்குத் தனி விதி வைத்திருக்கிறது. விபிஎன் இவற்றில் எதையும் மாற்றுவதில்லை. தெரியவந்தால் வேலை போகும்; தெரியவராமல் அங்கே நீங்கள் நோயில் விழுந்தால், நிறுவனத்தின் காப்பீடு செல்லுமா என்று மருத்துவமனை வாசலில் நின்று யோசிக்க வேண்டியிருக்கும்.

இரண்டு மாதம் முன்பே மனிதவளப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். போகும் நாடு, போகும் தேதி, திரும்பும் தேதி, அங்கே தங்கவும் வேலை செய்யவும் உங்களுக்கு உள்ள சட்ட உரிமை, எந்த மணியிலிருந்து எந்த மணிவரை குழுவுக்குக் கிடைப்பீர்கள், நிறுவனத்தின் சார்பில் அங்கிருந்து எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திட மாட்டீர்கள் என்பது, இவை எல்லாம் அந்தக் கடிதத்தில் இருக்கட்டும். ஐந்து மாதத்துக்கு மறுத்தால், இரண்டு மாதத்துக்கும், சம்பளமில்லா விடுப்பாக இன்னொரு மாதத்துக்கும் கேளுங்கள். பல நிறுவனங்கள் குறுகிய காலத்துக்கு ஒத்துக்கொள்கின்றன. எழுத்தில் பதில் வந்த பிறகு பயணச்சீட்டை எடுங்கள்.